முதல் பொத்தான்

என்ன வேலை பார்க்கிறாய் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது என்னைக் கேட்டால், அம்மா முந்திக்கொண்டு "கம்ப்யூட்டர்ல வேல" என்று சொல்லி முடித்துவிடுவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தேவையில்லை. உண்மையில் நான் செய்வது, இணையப் பக்கங்களில் ஆட்கள் நிரப்பும் படிவங்களை எழுதுவது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் தொலைபேசி எண்ணை எழுதினால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு அனுப்பப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் அதட்ட வேண்டும். இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் உட்கார்ந்து, நான் கண்ணால் பார்த்திராத ஊர்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு இதைச் செய்துகொடுக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை மறுபடி போய் இழுத்துப் பார்க்கிற ஆள். அண்ணன் என்னைக் கேலி செய்தே வளர்ந்தான். ஆனால் இந்த வேலைக்கு அது தோதான குணம். தைரியசாலிகள் எழுதும் படிவங்களில் ஓட்டை இருக்கும். நான் எழுதினால், நடக்காத தப்பையெல்லாம் நினைத்து நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு வைத்துவிடுவேன். அதிலும் ஒரே பக்கத்தில் பல பொத்தான்கள் வந்தால் என் பயம் இன்னும் கூடும். 'சேமி' என்று ஒன்று, 'அனுப்பு' என்று ஒன்று, 'அழி' என்று ஒன்று. பாதியில் சேமிக்கிறவரிடம் எல்லாப் பெட்டியையும் நிரப்பு என்று அடம்பிடிக்கக் கூடாது. அனுப்புகிறவரைச் சோதிக்காமல் விடவும் கூடாது. எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று தெரிந்தால்தான் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்யலாம். இவ்வளவுதான் விஷயம் என்று அந்த மழை வரும் வரை நினைத்திருந்தேன்.

மழை எங்களுக்குப் புதிதில்லை. மழையில்தான் கொழுந்து பறிக்கிறோம், மழையில்தான் பள்ளிக்கூடம் போகிறோம், கல்யாணமும் மழையில்தான். ஆனால் அந்த முறை பெய்தது வேறு மாதிரி. மூச்சு வாங்காமல் கொட்டியது. ஹட்டனிலிருந்து கொத்மலைப் பக்கம் போகிற ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. எங்கள் தோட்டம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே ஏழாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற நீள வரிசையில், அப்பா, அம்மா, அண்ணி, அண்ணியின் சின்ன மகள். அண்ணன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. நான் இங்கே, ஜன்னலில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். லயத்தில் கரண்ட் போய்விட்டால் போனும் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

எனக்கு அம்மாவைவிட அப்பாவைப் பற்றித்தான் கவலை. அப்பா கான் வெட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கான் என்றால் மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிவிடுகிற வாய்க்கால். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராக லயத்தின் பின்சுவரில் வந்து முட்டும். அதனால் பெருமழை பெய்தால் ஒவ்வொரு லயத்திலிருந்தும் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு மேலே ஏறிப்போய்க் கானைக் கிளறிவிட்டு வருவார். யாரும் சொல்லி அனுப்புவதில்லை, யாரும் கூலி கொடுப்பதுமில்லை. எங்கள் லயத்தில் அது அப்பாவின் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

காலையில் டீச்சர் போன் செய்தார். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், என்னைவிட சில வயது மூத்தவர். லயங்களுக்கு மேலே தேயிலை மலையில் நீளமாக ஒரு வெடிப்பு கண்டிருக்கிறது என்றார். எல்லாரையும் லயத்திலிருந்து கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருகிறார்கள். ராணுவத்தில் சில பேர் நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார்கள், தோட்டத்துப் பையன்களும் அவர்களோடு போகிறார்கள்.

"யாரு வந்தாங்க, யாரு வரலன்னு தெரியாம அவங்க எங்க போயி தேடுவாங்க தங்கச்சி? பேப்பர்ல எழுதுனா நனைஞ்சி போவுது. ஒருத்தன் எழுதுறது இன்னொருத்தனுக்குத் தெரியல. இன்டர்நெட்ல ஒரு பக்கம் செஞ்சி தாங்க. இங்க நாங்க பதிஞ்சா அங்க அவங்க போன்ல பாக்கணும். சிங்களத்துலயும் வரணும்."

செய்து தருகிறேன் என்றேன். சும்மா போன் அடித்துக்கொண்டிருந்த கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் ஆறுதலாக இருந்தது.

பக்கம் சின்னதுதான். லயத்தின் நம்பர், அதில் வீடு இருக்கிற காம்பராவின் நம்பர், வீட்டில் மொத்தம் எத்தனை பேர், வந்து சேர்ந்தது எத்தனை பேர். கீழே மூன்று பொத்தான்கள். 'எல்லாரும் வந்தாச்சு' என்பது ஒன்று. 'ஆளைத் தேடணும்' என்பது இன்னொன்று. விவரம் சரியாகத் தெரியாதவர்களுக்கு 'பிறகு பார்க்கலாம்'. ராணுவத்தாரின் போனில் இரண்டாவது பொத்தானை அமுக்கிய வீடுகள் மட்டும் தெரியும். தேட வேண்டிய இடம் அதுதானே. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிச் சரிபார்ப்பு எழுதினேன். தேடச் சொல்கிறவரிடம் லய நம்பர் மட்டும் இருந்தால் போதும், ஆபத்தில் இருக்கிறவரை வேறெதுவும் கேட்டு நிறுத்தக் கூடாது. 'எல்லாரும் வந்தாச்சு' என்பவரிடம் மட்டும் கண்டிப்பு: நான்கு பெட்டியும் நிரம்பியிருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் வந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

'எல்லாரும் வந்தாச்சு' என்பதை முதலில் வைத்தேன். அதற்குத் தொழில் காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு காரியம் தொடங்கும்போது அமங்கலமான சொல்லை முதலில் எடுக்கமாட்டோம். வெளியே கிளம்புகிறவரை "எங்க போற" என்றுகூடக் கேட்கக் கூடாது. ஆளைக் காணோம் என்கிற பொத்தானை முதலில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல வார்த்தை முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் டீச்சர், தன் போனை வைத்துக்கொண்டு. இன்னொன்றில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட லேப்டாப்போடு. தினமும் கொழுந்து மடுவத்துக் கொட்டகையில் நின்று ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தை நிறுத்து, கையடக்க மிஷினில் பதிகிறவர் அவர். தோட்டத்தில் அவரைப் போல வேகமாகத் தட்டுகிறவர் யாருமில்லை. வரிசை நீண்டுகொண்டிருந்ததால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன் என்று டீச்சர் சொன்னார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டீச்சர் மறுபடி போனில் வந்தார். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள் அழுகிற சத்தம்.

"தங்கச்சி, எல்லாருக்கும் செவப்பா வருது. பதியவே மாட்டேங்குது."

"எண்ணிக்கை ஒண்ணா இருக்கா டீச்சர்?"

"எப்புடி ஒண்ணா இருக்கும்? வீட்டுல எத்தன பேருன்னு கேட்டா, கொழும்புல கடையில நிக்கிறவன், கார்மண்ட்ல வேல செய்யிற புள்ள, எல்லாரையும் சேத்துத்தான் சொல்லுறாங்க. நீங்க சொல்லமாட்டீங்களா?"

நானும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஆறு என்பேன். அண்ணன் வருவது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும், நான் வருவது சம்பளம் வந்த வாரம் மட்டும். ஆனாலும் ஆறுதான். வெளியூர் போனவனைக் குறைத்துச் சொல்வது அவனை வீட்டைவிட்டுத் தள்ளிவைப்பது போல. லயத்தில் எந்தத் தாயும் அதைச் செய்யமாட்டாள். மழையில் நனைந்து குளிரில் நடுங்கி நிற்கிற பெண்களிடம் என் பக்கம் சிவப்பு எழுத்தைக் காட்டி முறைத்துக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக அந்தத் தடுப்பை எடுத்தேன். அதற்குப் பதிலாக ஒரு பெட்டி வைத்தேன்: எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் காரணத்தை எழுதவும். 'மகன் கொழும்பில்' என்று எழுதினால் விட்டுவிடும். காலியாக விட்டால் விடாது.

அதன் பிறகு பதிவுகள் மளமளவென்று வர ஆரம்பித்தன. என் திரையில் ஒவ்வொரு வீடாகப் பச்சையில் வந்து விழுந்தது. இடையிடையே 'ஆளைத் தேடணும்' என்று ஒரு சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் லய நம்பரைத்தான் முதலில் பார்த்தேன், அது எங்கள் லயமில்லை என்று தெரிந்ததும் பயம் அடங்கியது. அடங்கியதற்காக வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சிவப்பும் எனக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் வீடுதான். கடைசியில் ஏழாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா வந்தது. பச்சை. எல்லாரும் வந்தாச்சு.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவி, காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டேன். கொழும்பிலிருந்த அண்ணனுக்கு 'வீட்டுல எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டாங்க' என்று செய்தி அனுப்பினேன். கும்பிட்ட கை ஒன்றை அவன் பதிலாக அனுப்பினான். அந்தத் தேத்தண்ணியைப் போல ருசியாக நான் அதற்கு முன்னால் குடித்ததில்லை. குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன், பச்சை கூடிக்கொண்டே போனது, என் பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மத்தியானம் தாண்டி டீச்சரின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"புள்ள, என் போனுல சார்ஜ் இல்ல. டீச்சரம்மாகிட்ட வாங்கிப் பேசுறேன். அப்பாவ தேடிப் போனவங்க வந்துட்டாங்களா? இங்க யாரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்குறாங்க. ஒன் கம்ப்யூட்டர்ல தெரியும்னு டீச்சரம்மா சொன்னாங்க."

எனக்கு விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்று மனசு அடம்பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

"அப்பா உங்களோட இல்லையாம்மா?"

"விடியக்காலயில மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு கானு பாக்கப் போனாரு. நாங்க கெளம்புறப்பவே வரல. கணக்கப்புள்ள ஐயாகிட்ட சொன்னேனே. அவரும் எழுதிக்கிட்டாரே."

எங்கள் வீட்டின் பதிவைத் திறந்தேன். மொத்தம் ஆறு. வந்தது மூன்று. காரணம் என்ற பெட்டியில் கணக்கப்பிள்ளை எழுதியிருந்தார்: 'மகன் கொழும்பு, மகள் ஹட்டன், கணவர் கான் பார்க்கப் போனவர் இன்னும் வரவில்லை.' ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. அதற்குப் பக்கத்தில் அமுக்கிய பொத்தானின் பெயர்: எல்லாரும் வந்தாச்சு. பெட்டி காலியாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் என் சரிபார்ப்புக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் படிக்கத் தெரியாது.

அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எங்கள் வீட்டைப் பச்சையிலிருந்து எடுத்துச் சிவப்பில் போட்டேன், அதை மட்டும் கை தானாகச் செய்தது. பிறகு டீச்சரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"டீச்சர், தேடுறவங்க எங்க இருக்காங்க?"

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்டாங்க தங்கச்சி. ஏழாம் நம்பர் காலின்னு சொல்லிட்டு ஒம்பதாம் நம்பர் பக்கம் போயிருக்காங்க."

அவர்கள் எங்கள் லயத்துக்குப் போயிருக்கிறார்கள், கையில் இருக்கிற பட்டியலில் யாரும் இல்லை என்பதால் நிற்காமல் வந்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் நான் செய்து கொடுத்தது.

மற்றப் பச்சைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் திறக்கும்போது கண்ணை இறுக்கிக்கொண்டு திறந்தேன். டீச்சரின் மேசையிலிருந்து வந்தவற்றில் பச்சையும் இருந்தது, சிவப்பும் இருந்தது, 'பிறகு பார்க்கலாம்' என்பதும் இருந்தது. கணக்கப்பிள்ளையின் மேசையிலிருந்து வந்தவை அத்தனையும் பச்சை. மற்றப் பொத்தான் இரண்டும் அவர் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூட அமுக்கப்படவில்லை. காரணப் பெட்டியில் சிலவற்றில் 'கொழும்பு', சிலவற்றில் 'வேலை', சிலவற்றில் 'வரவில்லை' என்ற ஒரே சொல். கொழும்பிலிருந்து வரவில்லையா, லயத்திலிருந்து வரவில்லையா? அதை எழுதியவருக்கே இப்போது நினைவிருக்குமா என்று தெரியவில்லை.

"டீச்சர், ஐயா எப்புடி பதியிறாருன்னு பின்னால நின்னு பாருங்க. ஒண்ணும் சொல்லாம பாருங்க."

டீச்சர் எழுந்து அந்த மேசைக்குப் போனார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "நம்பர அடிக்கிறாரு, என்டர தட்டுறாரு. அடுத்த நம்பர், என்டர். கடைசியில எழுதிட்டு என்டர் தட்டுறாரு, பதிவாச்சுன்னு வருது, அடுத்த ஆள கூப்புடுறாரு. பொத்தான தொடவே இல்ல தங்கச்சி."

எல்லாம் எனக்கு ஒரே நொடியில் தெரிந்தது. மடுவத்து மிஷினில் நிறையை அடித்து என்டர் தட்டினால் அது பதிந்துகொள்ளும். அதில் பொத்தான் என்று தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. மழையிலும் வெயிலிலும் வரிசையில் நிற்கிற பெண்களைக் காக்கவைக்காமல் அனுப்ப அவர் பழகியிருந்த பழக்கம் அது. என் பக்கத்தில் அவர் என்டர் தட்டும்போதெல்லாம் என் சரிபார்ப்பு, அடுத்த பெட்டி காலி என்று சொல்லி அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. அவரும், பரவாயில்லையே, தானாகவே அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போகிறதே என்று நினைத்திருக்கிறார். எல்லாப் பெட்டியும் நிரம்பிய பிறகு தட்டுகிற என்டருக்கு, பக்கத்தில் முதலாவதாக இருக்கிற பொத்தானை அமுக்கியதாக அர்த்தம். எந்த உலாவியும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். இதை நான் எத்தனையோ கம்பெனிகளுக்கு விளக்கியிருக்கிறேன்.

முதலாவதாக இருந்தது நல்ல வார்த்தை. அந்த இடத்தில் 'பிறகு பார்க்கலாம்' இருந்திருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். 'ஆளைத் தேடணும்' இருந்திருந்தால் வீணாகச் சில லயங்களுக்கு அலைந்திருப்பார்கள், அவ்வளவுதான். மங்கலமாக இருக்கட்டும் என்று வைத்த பொத்தான் அப்பாவை மலையில் விட்டுவிட்டு வந்துவிட்டது.

டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் கணக்கப்பிள்ளை போனை வாங்கினார். நான் பிறந்ததிலிருந்து அவர் எங்களிடம் அதட்டித்தான் பேசியிருக்கிறார்.

"நான் எழுதுனேன் புள்ள. அப்பா வரலன்னு எழுதுனேன். பச்சையா பதிவாச்சுன்னு வந்திச்சி."

"தெரியுங்கய்யா. நீங்க எழுதுனது இருக்கு. நான் செஞ்ச பக்கத்துலதான் தப்பு."

"இப்ப என்ன செய்ய?"

என்டர் தட்டினால் எதுவும் நடக்காதபடி பக்கத்தை மாற்றுவது சின்ன வேலை. பேசிக்கொண்டே மாற்றிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே பதிந்த பச்சைகளை என்ன செய்வது? அந்த வீட்டு ஆட்களெல்லாம் வகுப்பறை வகுப்பறையாகக் கலைந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி வரிசையில் நிற்கவைத்தால் இருட்டிவிடும். இருட்டினால் யாரும் மலைக்குப் போகமாட்டார்கள்.

கணக்கப்பிள்ளைதான் சொன்னார். "பெரட்டு வைப்போம் டீச்சர்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகும் முன் எல்லாரும் வந்து நிற்க, பேர் கூப்பிட்டு யார் வந்தது, யார் வராதது என்று பார்ப்பது. தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். பேர் கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் வாய் தானாகப் பதில் சொல்லும். அவர் வராந்தாவின் நடுவில் நின்று லயம் லயமாக, காம்பரா காம்பராவாகக் கூப்பிட்டார். டீச்சர் போனை அவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் ஹட்டனில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் என் கையால் பொத்தானைத் தேடி, பெயரை வாசித்து, பிறகு அமுக்கினேன். என்டர் விசையின் பக்கம் கை போகவே இல்லை.

"மூணாம் நம்பர், ரெண்டாம் காம்பரா. தோட்டத்துல இருந்தவங்க எல்லாரும் இங்க இருக்காங்களா?"

"இருக்கோம்."

"மூணாம் நம்பர், மூணாம் காம்பரா."

"எங்க மாமியார் வரல ஐயா. புள்ளக்காம்பரா பக்கம் போறேன்னாங்க."

புள்ளக்காம்பரா என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். சிவப்பில் போட்டேன். இப்படிச் சில வீடுகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மழை கூரைத் தகரத்தில் விழுகிற சத்தம் போனில் கேட்டது. அதில்தான் நான் அன்றைக்கு அதிகமாகப் பயந்தேன். சிவப்பில் இல்லாத ஒரு வீட்டிலிருந்து பதிலே வராமல் போனால், அங்கே சொல்வதற்குக்கூட ஒருவரும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். நல்ல வேளையாக அப்படி எந்த வீடும் இல்லை.

"ஏழாம் நம்பர், நாலாம் காம்பரா," என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டை ஏற்கெனவே மாற்றியாயிற்று, கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கூப்பிட்டார்.

"ஒருத்தர் வரல," என்று அம்மா சொன்னார். பெரட்டில் பதில் சொல்கிற அதே குரலில், தெளிவாகச் சொன்னார்.

புதுப் பட்டியல் தேடுகிறவர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. அண்ணனுக்கு நான் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது, அவன் அனுப்பிய கும்பிட்ட கையும் இருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டும். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் சொல்லவில்லை. கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று ஒரு மனசு, கண்டுபிடிக்காவிட்டால் எப்படிச் சொல்வது என்று இன்னொரு மனசு. ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் டவுனில் கடைகள் பாதி மூடியிருந்தன. மூடுபனி இறங்கி எதிர்க்கட்டடத்தை மறைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரத்தில் இரண்டு வரிதான் நினைவிலிருந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. டீச்சரின் நம்பர். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தபோதுதான் எடுத்தேன்.

"இருக்காரு தங்கச்சி," என்றார் டீச்சர்.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா கானைக் கிளறிவிட்டு இறங்க ஆரம்பித்தபோது அவருக்குக் கீழே மலை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. லயத்துக்குப் பக்கவாட்டில் விழுந்ததால் லயம் தப்பியது, அவர் இறங்குகிற வழிதான் போய்விட்டது. மேலே வெடிப்பு, கீழே பள்ளம், நடுவில் இரண்டு நிரைத் தேயிலை. அதில் ஒரு மரத்தடியில் மண்வெட்டியைக் குத்திவைத்து அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ராணுவத்தார் கயிறு கட்டி இறக்கினார்கள். இறக்கும்போது மேலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்ததாம். சிவப்பில் இருந்த மற்றவர்களில் பலர் புள்ளக்காம்பராவிலும் கோயிலிலும் இருந்தார்கள். எல்லாரையும் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தார். குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த பிளேன்டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சாப்புட்டியா புள்ள?" என்றார்.

"நீங்க ஏன்ப்பா சத்தம் போடல? அவங்க லயம் வரைக்கும் வந்தாங்களே. கூப்புட்டிருந்தா அப்பவே வந்திருப்பாங்களே."

பயந்தவர்கள் பயம் தெளிந்ததும் கோபப்படுவார்கள். நான் அவரிடம் கோபப்பட்டேன். கோபப்படுவதற்கு அங்கே எனக்குக் கிடைத்த ஆள் அவர்தான்.

"போட்டேன் புள்ள. தொண்ட கிழிய கத்துனேன். தண்ணி எரைச்சல்ல அவங்களுக்குக் கேக்கல. அவங்களோட வந்த ஒரு பையன் கோயில் மைக்க கையில வச்சிருந்தான். அவன் பேசுனது எனக்கு நல்லா கேட்டிச்சி. ஏழாம் நம்பர்ல எல்லாரும் வந்தாச்சு, அடுத்த லயத்துக்கு வாங்கன்னு சொன்னான்."

அவர் இன்னொரு வாய் குடித்தார்.

"அம்மாவும் புள்ளைங்களும் போய்ச் சேந்துட்டாங்கன்னு தெரிஞ்சிச்சி. அது போதும்னு இருந்திச்சி. சரியிற மண்ணுல அந்தப் பயலுகள வேற ஏறி வரச் சொல்லணுமா? அதுக்கப்பறம் நான் கத்தல."